அஞ்சலா அக்கா பார்க்காத உறைகள்

‘வாயாடி’ என்று மட்டுமே என்னைக் கூப்பிட்ட என் ஆசை அஞ்சலா அக்காவுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நீ போன பிறகும் உன்னை நான் இரண்டு மாதம் வேலை வாங்கிவிட்டேன். பஸ் ஏற்றாமல், டிபன் டப்பா கட்டிக் கொடுக்காமல், ஒரு வாய் டீகூட வாங்கித் தராமல். கம்பெனியில் யாருக்கும் தெரியாது. உனக்கும் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் கனவிலாவது வந்து என் கொண்டையைப் பிடித்து ஆட்டியிருப்பாய்.

நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இதில் இருந்த எழுத்துப் பிழைகளை எல்லாம் உன் மகள் கலைதான் திருத்தினாள். விஷயத்தைத் திருத்த நான் விடவில்லை. “இதையும் போடணுமா சித்தி?” என்று இரண்டு இடத்தில் கேட்டாள். போடு என்றேன். உனக்கு எழுதுகிற கடிதத்தை ஊர் பார்க்க ஏன் போடுகிறாய் என்று நீ கேட்பாய். உன்னைப் பற்றிய ஒரு பொய்யை ஊர் பார்க்கத்தான் சொன்னார்கள் அக்கா. அந்தப் பொய்க்கு விதை போட்டவள் நான்.

நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்கு இரண்டு வரி. அண்ணனுக்கு வாக்கப்பட்டவள் நீ, தம்பிக்கு வாக்கப்பட்டவள் நான். மாதனூர் பக்கத்தில் ஒரே வாசல், இரண்டு அடுப்பு. ஓரகத்திகள் என்றால் சண்டை போட வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு நாம் குறை வைத்ததில்லை. தண்ணீர்க் குடத்துக்குச் சண்டை போட்டுவிட்டு, ஒரே கம்பெனி பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து ஆம்பூருக்கு வேலைக்குப் போனோம்.

ஆம்பூர் என்றதும் எல்லோரும் ஷூ என்பார்கள். நம் கம்பெனியில் செய்வது கத்தி உறை. வெளிநாட்டில் காட்டுக்கும் மலைக்கும் போகிறவர்கள் இடுப்பில் கட்டிக்கொள்கிற கத்தி. கத்தி அங்கே தயாராகும், தோல் உறை இங்கே. அளவு பார்க்க ஒரே ஒரு அசல் கத்தியை அனுப்பிவைப்பார்கள். ஒரு சாண் அலகு. அதைப் பீரோவில் பூட்டிவைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் உன் கையில் கொடுப்பார்கள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கத்தியில் நான் மாங்காய் அரிந்ததற்கு நீ என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே, அந்த மாங்காயே அதற்குப் பிறகு புளிக்கவில்லை.

அந்தக் கத்தி எதற்கு என்று முதன்முதலில் கலையிடம் நாம் கேட்டது நினைவிருக்கிறதா? அப்போதுதான் அவள் டிகிரி முடித்து நம் கம்பெனி ஆபீசிலேயே டைப் அடிக்கச் சேர்ந்திருந்தாள். பஸ்ஸில் நமக்கு முன் சீட்டு.

“அவுங்க காட்டுல தனியா போய்த் தங்குவாங்கம்மா. விறகு வெட்டுவாங்க, நெருப்பு மூட்டுவாங்க, மீன் அறுப்பாங்க” என்றாள்.

“ஐயோ பாவம், வீடு இல்லியா?” என்றேன் நான்.

“வீடெல்லாம் பெருசா இருக்குது சித்தி. லீவுக்குப் போறாங்க.”

“அப்ப லீவுக்கு நம்ம வீட்டுக்கு வரச் சொல்லு. விறகு நெறைய கெடக்குது. மீன் நான் வாங்கியாந்து தர்றேன், அறுக்கட்டும்.”

பஸ்ஸே சிரித்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, “தனியாவா போறாங்க?” என்று கேட்டாய். “ஏதாவது ஆச்சின்னா கூப்பிட ஆள் இருக்காதே. அவன் என்னப் பார்த்தது கூட இல்ல. என் கை பார்த்து அனுப்பினத நம்பி இடுப்புல கட்டிக்கிறான். வாயாடி, சிரிக்கிற விஷயமாடி இது?”

அன்றைக்கு மறுநாளிலிருந்துதான் நீ குடைக்கம்பியை எடுத்துக்கொண்டு வந்தாய்.

நீ செக்கிங். உன் நாற்காலிக்கு வராமல் ஒரு உறையும் பெட்டிக்குள் போகாது. கத்தியைச் செருகித் தலைகீழாகப் பிடித்து ஆட்ட வேண்டும், விழக்கூடாது. டிச் பட்டனைப் போட்டுக் கழட்டிப் பார்க்க வேண்டும். தையலை நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும். கம்பெனி லிஸ்டில் இருந்தது அவ்வளவுதான். நீ அதற்கு மேல், பழைய குடையிலிருந்து பிடுங்கிய ஒரு கம்பியை உறைக்குள் விட்டு, ஓரத்தோடு ஓரமாக அடி நுனி வரைக்கும் ஓட்டிப் பார்ப்பாய். இரண்டு தோலுக்கும் நடுவில், தையல் ஓரமாக ஒரு பட்டையை வைத்து ஒட்டுவோம். கத்தியின் கூர் நூலில் படாமல் அந்த நடுப்பட்டை தாங்கும். அது ஒழுங்காக நுனி வரை போயிருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஓரமெல்லாம் மெழுகு போட்டுத் தேய்த்து அழகாக இருக்கும். கம்பிக்குத்தான் தெரியும்.

“இன்னாக்கா, உறைக்குக் காது குடையிறியா?” என்று கேட்டேன். அதோடு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. “அஞ்சலா காது குடைஞ்சாச்சா?” என்றுதான் பேக்கிங்கில் கேட்பார்கள். குடைந்து முடித்ததும் உள்பக்கம் உன் ஸ்டிக்கரை ஒட்டுவாய். பதினாலாம் நம்பர். பதினாலு ஒட்டிய பெட்டியை அதற்குப் பிறகு யாரும் பிரித்துப் பார்த்தது இல்லை. மற்ற நம்பர் என்றால் பத்துக்கு இரண்டாவது பிரிப்பார்கள். வெளிநாட்டிலிருந்து பார்வைக்கு வந்த ஆள்கூட உன் நம்பரைப் பார்த்துவிட்டுக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். அவன் எதற்குக் காட்டுகிறான் என்று தெரியாமல் நீ விரலில் ஏதோ அடிபட்டிருக்கிறது என்று பஞ்சு தேடினாய்.

உன் உடம்புக்கு மட்டும் நீ கம்பி விடவில்லையே அக்கா. இரண்டு நாளாக நெஞ்சில் குத்துகிறது என்றாய். “வாயு” என்று நீயே சொன்னாய். ஒரு சோடா குடித்தாய். அவ்வளவுதான், பாஸ் போட்டு அனுப்பிவிட்டாய்.

அன்றைக்குக் காலையில் பஸ் வருகிற நேரம். நீ ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாய். பஸ் வந்து நின்றது. நான் படியில் ஏறி நின்றுகொண்டு, “இன்னா மகாராணி, பஸ்ஸு உன் காலாண்டயே வரணுமா?” என்று கத்தினேன். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் இறங்கி வந்து தோளைத் தொட்டபோது நீ இல்லை.

சிரித்தாயா அக்கா?

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார்கள். அதுவரை ஒட்டுகிற டேபிளில் இருந்தவள் நான். செக்கிங் எனக்கு அத்துப்படி, பத்து வருஷமாக உன்னைக் கிண்டல் பண்ணியே கற்றுக்கொண்டிருந்தேன். எனக்குப் புது நம்பர், முப்பத்தொன்று. புது ஸ்டிக்கர் ரோலும் கொடுத்தார்கள்.

டிராயரைத் திறந்தேன். உன் தைல பாட்டில், ஒரு கொண்டை ஊசி, குடைக்கம்பி, பாதி தீர்ந்த உன் ஸ்டிக்கர் ரோல். முதல் உறையைப் பார்த்து முடித்துவிட்டு, என் கை தானாகப் பதினாலை எடுத்து ஒட்டியது. ஒட்டியதும் நீ பக்கத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சுகிற மாதிரி இருந்தது. அடுத்ததற்கும் ஒட்டினேன். ஒரு நாளைக்கு மட்டும் என்று நினைத்தேன். அப்புறம் ரோல் தீருகிற வரைக்கும் என்று நினைத்தேன். ரோல் தீர இரண்டு மாதம் ஆனது. நீ பார்த்துவைத்துவிட்டுப் போன பழைய சரக்கு என்று பேக்கிங்கில் நினைத்துக்கொண்டார்கள்.

இதுவரைக்கும் சொன்னதைக் கேட்டால் பாசம் என்று தோன்றும். மீதியையும் கேள். பதினாலு என்று ஒட்டினால் பெட்டியைப் பிரிக்க மாட்டார்கள். பிரிக்காவிட்டால் என் மேல் ஒரு குறையும் வராது. அது எனக்கு இரண்டாவது நாளே புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் ஒட்டினேன்.

குடைக்கம்பியை எடுக்கவில்லை. ஒரு உறைக்கு அது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும், லிஸ்டிலும் அது இல்லை. கம்பி இல்லாமல் பார்த்ததால் வேலை சட்டுசட்டென்று ஓடியது. சூப்பர்வைசர் தணிகாசலம் வந்து, “உங்க அக்காவ விட நீ ஸ்பீடும்மா” என்றான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது அக்கா. கலை கேட்ட இரண்டு இடத்தில் இது ஒன்று. போடு என்றேன்.

ஐந்தாறு மாதம் கழித்து வெளிநாட்டிலிருந்து ஒரு போட்டோ வந்தது. ஒரு ஆளின் தொடை. சுற்றிக் கட்டுப் போட்டிருந்தது. பக்கத்தில் நம் உறை, அடி நுனியில் தையல் பிரிந்து வாய் பிளந்திருந்தது. அதற்கும் பக்கத்தில், உறையைத் திருப்பி வைத்து எடுத்த இன்னொரு போட்டோ. ஸ்டிக்கர் பளிச்சென்று தெரிந்தது. பதினாலு.

அந்த லாட்டில், அதாவது ஒரே சமயத்தில் தைத்த அந்தச் சரக்கில், கட்டிங்கில் தோல் பத்தாமல் போனதால் மிச்சத் துண்டுகளில் நடுப்பட்டை வெட்டியிருக்கிறார்கள். சிலதில் ஒரு விரற்கடை குறைந்துவிட்டது. பட்டை இல்லாத இடத்தில் கத்தியின் கூர் நேராக நூலில் உட்கார்ந்திருக்கிறது. அவன் நடக்க நடக்க ஒவ்வொரு நூலாக அறுத்திருக்கிறது. ஒரு பாறை மேல் உட்காரும்போது கத்தி உறையைக் கிழித்துக்கொண்டு தொடையில் இறங்கிவிட்டது.

அவன் எழுதியதைக் கலைதான் படித்துச் சொன்னாள். திட்டவில்லையாம். தனியாக இருந்தேன், சட்டையைக் கிழித்துக் கட்டிக்கொண்டு ரோட்டுக்கு வருகிற வரைக்கும் நடந்தேன், உங்கள் கம்பெனி உறைகளைத்தான் வருஷக்கணக்கில் நம்பியிருந்தேன் என்று மட்டும் எழுதியிருந்தானாம். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு மனசுக்குள் இரண்டு திட்டியிருப்பேன். அதற்கும் வழி இல்லாமல் போய்விட்டது.

பெட்டியில் லாட் நம்பர் இருக்கும், தேதி இருக்காது. தேதியைத் தேட யாருக்கும் தோன்றவில்லை. பதில்தான் ஸ்டிக்கரிலேயே இருந்ததே. மறுநாள் காலையில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி தணிகாசலம் பேசினான்.

“கம்ப்ளெயிண்ட் வந்துக்குது. பதினாலாம் நம்பர். அந்த அம்மா இப்ப உயிரோட இல்ல, அதனால ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ஆனா செக்கிங்ல இருக்கிறவங்க கொஞ்சம் கண்ணத் தொறந்து வச்சிக்கினு பாருங்க. அவுங்கள மாதிரி விட்டுடாதீங்க.”

அவ்வளவுதான் சொன்னான். அதையே ஒரு தாளில் எழுதி நோட்டீஸ் போர்டிலும் ஒட்டினார்கள். பேக்கிங்கில் ஒருத்தி, “பெரிய குடைக்கம்பின்னு பேரு, உள்ள ஒண்ணும் பாக்கல போல” என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். எப்போதும் யாரையாவது பார்த்து எதையாவது சொல்லிக்கொண்டே இருக்கிற வாய் இது. அன்றைக்கு அதை மூடிக்கொண்டு என் நாற்காலிக்குப் போனேன்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் நாற்காலி போகும், வேலையே போனாலும் போகும் என்று பயந்தேன். உனக்கோ இனிமேல் போக ஒன்றும் இல்லை என்று கணக்குப் போட்டேன். செத்தவளுக்கு என்ன வலிக்கப் போகிறது என்று நினைத்தேன் அக்கா. கலை கேட்ட இரண்டாவது இடம் இது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து முருங்கைக் கீரையை உருவிக்கொண்டிருந்தேன். கலை வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவளும் ஒரு கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தாள். அந்த ரிப்போர்ட்டை டைப் அடிக்கச் சொன்னதே அவளிடம்தான். அம்மா பெயரை எழுதி, இவர் கவனக்குறைவு, இவர் இப்போது வேலையில் இல்லை என்று இங்கிலீஷில் அடித்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

“சித்தி, அம்மா அப்பிடி விடவே மாட்டாங்க” என்றாள்.

நான் கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கடைசி வாரத்துல பண்ணதா இருக்கும் சித்தி. அப்பவே நெஞ்சு வலி இருந்திருக்கும். கண்ணு இருட்டிக்கினு வந்திருக்கும். அதான் தெரியல. ஒருநாள் பஸ்ல என் தோள்ல சாஞ்சிக்கினாங்க. நான் போன் பாத்துக்கினு இருந்தேன். ‘தள்ளும்மா, வெய்ட்டா இருக்குது’ன்னு சொன்னேன். அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போயிருந்தா…”

அவள் அழவில்லை. கீரையை உருவிக்கொண்டே, காம்பையும் இலையோடு சேர்த்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். உன் தப்பு என்பதையும் நம்பி, அந்தத் தப்புக்கு உன் வலி காரணம் என்று சொல்லி, அந்த வலியைப் பார்க்காதது தன் தப்பு என்று எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். நான் ஒட்டிய ஒரு ஸ்டிக்கர் எங்கே போய் ஒட்டிக்கொண்டது பார்.

“கலை, அது அம்மா பாத்தது இல்ல” என்றேன்.

“இன்னா?”

“உங்கம்மா போனப்புறம் வந்த லாட்டு அது. நான்தான் பாத்தேன். அம்மா நம்பர ஒட்டிட்டேன்.”

அவள் கை நின்றது. நான் பயத்தில் என் பழைய புத்தியைக் காட்டினேன். “செத்தும் உங்கம்மாவுக்கு ஓவர்டைம் போட்டுட்டேன் பாரு” என்று சிரிக்கப் பார்த்தேன். என் வாயிலிருந்து வந்த ஜோக்குகளிலேயே கேவலமானது அதுதான்.

கலை கையிலிருந்த கொத்தைக் கீழே வைத்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள். “எங்கம்மா செத்துட்டாங்க சித்தி. எனக்குத் தெரியுது, அப்பாவுக்குத் தெரியுது. உனக்கு மட்டும் ஏன் தெரியல?”

எழுந்து போய்விட்டாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான் அழுதாள். கேட்டது. நான் அந்தக் கீரையில் காம்பையெல்லாம் பொறுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு அந்தக் கீரையை யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக மேனேஜரிடம் போனேன். அவரை உனக்குத் தெரியும், கெட்டவர் இல்லை. சொன்னதைக் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“அமுலு, நீ நல்ல வேலைக்காரி. முடிஞ்ச விஷயத்த எதுக்கு இப்ப கிண்டற? அந்த ஆளுக்கு பதில் போயாச்சு. அவுங்களும் சரின்னுட்டாங்க. அஞ்சலாம்மாவுக்கு இதனால ஒரு கஷ்டமும் இல்ல. உனக்குத்தான் பேஜாரு.”

நேற்று வரை நான் போட்டுவைத்திருந்த அதே கணக்கு. அடுத்தவர் வாயில் கேட்டபோதுதான் அது எப்படி நாறுகிறது என்று தெரிந்தது.

“முடிஞ்சு போனது எங்கக்கா, சார். விஷயம் முடியல” என்றேன். “அவுங்க பாத்து ஒண்ணு தப்பிச்சிருந்தா, போனாப் போவுது, ஒண்ணுதான். நான் கம்பியே விடல சார். அந்த லாட்டுல எத்தினி மோசமோ எனக்கே தெரியாது. பாதி பெட்டி இன்னும் நம்ம குடோன்லதான் கெடக்குது. மீதி எந்தெந்தக் காட்டுல எவன் எவன் இடுப்புல இருக்குதோ.”

நான் உன் குடைக்கம்பியைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போயிருந்தேன். “வாங்க சார், பாத்துட்டு அப்புறம் திட்டுங்க” என்றேன்.

குடோனில் பெட்டியைப் பிரித்தோம். முதல் உறை. கம்பி வழுக்கிக்கொண்டு நுனி வரை போனது. சரியாக இருந்தது. இரண்டாவதும் சரி. மூன்றாவதும் சரி. தணிகாசலம், “அதான் சார் சொன்னேன்” என்று ஆரம்பித்தான். அவன் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அடுத்ததில் கம்பி ஓடிக்கொண்டே போய், அடியில் டொக்கென்று ஒரு பள்ளத்தில் விழுந்தது. நான் நின்றுவிட்டேன். மேனேஜர் கம்பியை வாங்கித் தானே விட்டுப் பார்த்தார். விழுந்தது. எடுத்துவிட்டு மறுபடியும் விட்டார். மறுபடியும் விழுந்தது. கம்பியை என் கையில் கொடுத்துவிட்டு, “எல்லாத்தையும் பிரிங்க” என்றார்.

அன்றைக்கு முழுக்க நான் காது குடைந்தேன் அக்கா. ஒவ்வொரு உறையிலும் பதினாலு, பதினாலு என்று உன் நம்பர் என்னைப் பார்த்தது. மோசமானதைத் தனியாகப் போடும்போதெல்லாம் உன் ஸ்டிக்கரை உரித்து எடுத்துவிட்டுத்தான் போட்டேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. நகமெல்லாம் பசையாகிவிட்டது.

வாங்கினவர்களுக்குக் கடிதம் போயிருக்கிறது, அந்த லாட்டைக் கடைகளில் இருந்து எடுத்துவிடுங்கள், விற்றதையும் திருப்பிக் கேளுங்கள் என்று. கலைதான் அதையும் டைப் அடித்தாள். எல்லாம் திரும்பி வருமா என்று கேட்டேன். தெரியாது என்றாள். அந்தத் தெரியாது என் நெஞ்சில் இன்னும் இருக்கிறது. எங்கேயோ ஒருத்தன், கூப்பிட ஆள் இல்லாத இடத்தில், உன் நம்பரை நம்பி என் உறையைக் கட்டிக்கொண்டு நடந்துகொண்டிருப்பான் இல்லையா?

தொடையில் வெட்டுப்பட்ட ஆளுக்கும் தனியாக ஒன்று எழுதினோம். பார்த்தது நான் என்று. அவனிடமிருந்து இதுவரை பதில் வரவில்லை. வராவிட்டாலும் அது அவன் இஷ்டம்.

என்னை நாற்காலியிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேலையை விட்டு அனுப்பவில்லை. பழையபடி ஒட்டுகிற டேபிள். உன் இடத்தில் இப்போது வசந்தா, நல்ல பொண்ணு, சிரிக்கவே மாட்டாள், அந்த வேலைக்கு அதுதான் சரி. கம்பி விட்டுப் பார்ப்பதைக் கம்பெனி லிஸ்டில் சேர்த்துவிட்டார்கள். அது தன்னுடைய யோசனை என்று தணிகாசலம் சொல்லிக்கொண்டு திரிகிறான். சொல்லிக்கொள்ளட்டும். உறை பிழைத்தால் போதும்.

நோட்டீஸ் போர்டில் இருந்த தாளை மட்டும் கிழித்துவிட்டார்கள். வேறு தாள் ஒட்டவில்லை. அவள் மேல் குறை என்று வரிசையில் நிறுத்திச் சொன்னீர்களே, அவள் மேல் குறை இல்லை என்பதையும் வரிசையில் சொல்லுங்கள் என்று கேட்டேன். “விடும்மா, எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்” என்றார்கள். பேக்கிங்கில் அன்று பேசியவளிடம் நானே போய்ச் சொன்னேன். “அப்பிடியா?” என்றாள். அவ்வளவுதான். ஒரு பெயர் கெடுவதற்கு ஒரு காலை நேரம் போதுமாக இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதத்தை இப்படி எழுதினேன். படிக்கிறவர்கள் சாட்சி. அஞ்சலா கையால் ஒரு மோசமான உறை வெளியே போனது இல்லை.

வீட்டு விஷயம். உன் வீட்டுக்காரர், பெரிய மாமா, இப்போது தானே டீ போடக் கற்றுக்கொண்டார். தண்ணீர் மாதிரி இருக்கிறது, நல்லாயிருக்கிறது என்று சொல்லி நானும் குடிக்கிறேன். கலை என்னிடம் பத்து நாள் பேசவில்லை. பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள். பதினோராம் நாள் வந்து என் பக்கத்தில், உன் இடத்தில் உட்கார்ந்தாள். பள்ளிகொண்டாவில் ஒரு கல்யாணத்துக்கு என்ன புடவை கட்டலாம் என்று கேட்டாள். நான் சொன்னேன். அப்புறம் தலையை என் தோளில் சாய்த்தாள். கனமாகத்தான் இருந்தது. நான் அசையவில்லை. ஆம்பூர் வந்த பிறகும் கொஞ்ச நேரம் அசையவில்லை, டிரைவர் திட்டினார்.

எனக்கு இன்னும் ஒன்று கேட்க வேண்டும். பத்து வருஷம் உன்னை அந்தக் கம்பியை வைத்துக் கிண்டல் பண்ணினேனே, அதில் ஒரு நாளாவது உனக்கு வலித்ததா? நான் பேசினால் நீ சிரிக்கிறாய் என்று நினைத்தே பேசிக்கொண்டிருந்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாயே, அப்போது உன் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்த்ததே இல்லை.

அக்கா, உனக்கு நான் கொடுக்கிற வாக்கு இது. என் கை செய்ததை இனி என் பெயரில்தான் செய்வேன். நல்லதோ, மோசமோ. கலைக்குத் தலை கனக்கிற நாளெல்லாம் என் தோள் இருக்கும். அவள் எங்கே வலிக்கிறது என்று சொன்னாலும், வாயு என்று நான் சொல்ல மாட்டேன். கிண்டலை மட்டும் விட முடியாது. விட்டால் உனக்கே என்னை அடையாளம் தெரியாது.

திங்கட்கிழமை புது ரிப்போர்ட் தயாரானது. செக்கிங் பார்த்தவர் அமுலு என்று அதில் இருக்கிறது. கையெழுத்துப் போட மேனேஜர் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது. நான் டேபிளிலிருந்து எழுந்தேன். ஒட்டுகிற சொல்யூஷன் டப்பா எப்போதோ சாய்ந்திருக்கிறது, கவனிக்கவில்லை. புடவை பிளாஸ்டிக் ஸ்டூலோடு நன்றாகப் பிடித்திருந்தது. காத்திருக்க நேரம் இல்லை. தையல் மிஷின் வரிசை, பேக்கிங், ஆபீஸ் ரூம் என்று நானும் ஸ்டூலும், இரண்டு பேரும் போனோம். மேனேஜர் எங்களைப் பார்த்தார். உட்காரச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு இரண்டு பேரும் வந்தோம்.

உன் கொழுந்தன் பெண்டாட்டி, உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
அமுலு